கரி மட்டும் காப்பாற்றாது!

வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தால் வீட்டுக்கே ஒரு களைதான். சென்னை கொளத்தூர் வரை போய் வண்ண மீன் வாங்கி வருபவர்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு. ஆனால் ஒரே மாதத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்ததும், "கரி மாத்தி ரொம்ப நாளாச்சு, அதான்" என்று பழியைக் கரி மேல் போட்டுவிடுகிறோம். இது சரியில்லை என்பதே என் கட்சி.

ஃபில்டரில் போடுவது அடுப்புக் கரி அல்ல. தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றைக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் பக்குவப்படுத்திய 'ஆக்டிவேடட் கார்பன்'. அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல். அதாவது, இரண்டு கிரவுண்டு மனை! தண்ணீரின் மஞ்சள் நிறம், நாற்றம், குளோரின் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. புதுத் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

அந்த அமோனியாவைச் சமாளிப்பவை ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள். அவை அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நாமோ சுத்தம் என்ற பேரில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்குகிறோம். ஊராட்சித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த நாளென்றால் கேட்கவே வேண்டாம்!

என்ன செய்யலாம்? வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை வாளியில் இறக்குங்கள். ஸ்பாஞ்சில் அழுக்கு அடைத்திருந்தால் அந்தத் தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள். கரியைத் தூசி போகக் கழுவிப் போட்டு, சுமார் ஒரு மாதத்தில் மாற்றிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பழைய சக்தி திரும்பாது. மீனுக்கு மருந்து போடும்போது கரியை வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்தையும் அது இழுத்துக்கொள்ளும்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடவேண்டாம். 'மைகோபாக்டீரியம் மாரினம்' என்ற கிருமி காயம் வழியே புகுந்து, தோலில் ஆறாத கட்டிகளை உண்டாக்கலாம். ஃபில்டரைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வேலை முடிந்ததும் குழந்தைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்ததையும், அவர்கள் 360 நாள் பொறுப்பு வகித்ததையும் சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தண்ணீருக்குப் பொறுப்பாளர் வைத்த ஊர்! உங்கள் வீட்டுத் தொட்டிக்கு ஆறு பேர் வேண்டாம். ஒருவர் பேரைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள், போதும். பொறுப்பேற்க யாரும் முன்வராத வீட்டில், தயவுசெய்து மீன் வாங்காதீர்கள்.