மகரந்தம் வேலி தாண்டும்: பள்ளித் தோட்டங்களுக்கு ஒரு வரைபடம் வேண்டும்



கடந்த ஆண்டு எங்கள் பள்ளித் தோட்டத்தில் இனிப்புச் சோளம் நட்டோம். தின்பதற்காக அல்ல, விதைக்காக. ஒவ்வொரு முறையும் கடையில் பாக்கெட் வாங்குவதை விட்டு, நாமே விதை எடுத்து அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது அறிவியல் கழகத்தின் திட்டம். கலப்பின விதையில் அது நடக்காது என்பதால், விதை எடுக்கத் தகுந்த சாதாரண வகை ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினோம். கதிர் நன்றாக முற்றிக் காய்ந்த பிறகு தோலை உரித்தோம். "சிக்கு, இங்க பாருங்க!" என்று படிவம் 4 மாணவி ஒருத்தி கத்தினாள். சுருங்கிய மஞ்சள் மணிகளுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பருத்த ஊதா மணிகள்.

காரணம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே குடியிருக்கும் மக்சிக் ஒருவர், கம்பத்திலிருந்து கொண்டுவந்த ஊதாப் புலுட் சோளத்தை வீட்டோரம் போட்டிருந்தார். இரண்டும் ஒரே வாரத்தில் பூத்திருந்தன. நாங்கள் போய்க் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "நீங்களும் நட்டிருக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே, சிக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். மூன்று மாத உழைப்பு வீணானதற்கு அவரும் காரணம் இல்லை, காற்றும் காரணம் இல்லை. நாங்கள் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊதா மணிகள் ஒரு நல்ல பாடம். சோளக் கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. செடியின் உச்சியில் உள்ள ஆண் பூவிலிருந்து மகரந்தத் தூள் காற்றில் பறந்து வந்து இழையில் விழுந்தால்தான் அந்த மணி உருவாகும். மணிக்குள் சேரும் மாவுப் பகுதியில் தந்தைச் செடியின் மரபணுவும் உண்டு. அதனால் 'தந்தை யார்' என்பது அதே பருவத்தில், அதே கதிரில் தெரிந்துவிடுகிறது. இனிப்பு என்பது ஒடுங்கு பண்பு. வேற்று மகரந்தம் விழுந்தால் இனிப்பு மறைந்து, மணி மாவு பிடித்துப் பருத்துவிடும்.

பூசணி இப்படிக் காட்டிக்கொடுக்காது. பூசணிக்காயின் தோலும் சதையும் தாய்ச் செடியுடையவை. எந்த மகரந்தம் விழுந்தாலும் காய் வழக்கம்போலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் விதைதான் கலந்திருக்கும். அதை நீங்கள் அடுத்த ஆண்டு நட்டுக் காய்த்த பிறகுதான் ஏமாந்தது தெரியும்.

இதைத் தடுக்க விதை உற்பத்தியாளர்கள் கடைப்பிடிக்கும் முதல் வழி தூரம். தமிழ்நாட்டு வேளாண் துறையினர் இதை 'பயிர் விலகு தூரம்' என்று அழகாகச் சொல்கிறார்கள். 1988-இல் வெளியான இந்திய விதைச் சான்றளிப்புத் தரங்களின்படி, ஆதார விதை எடுக்க நெல்லுக்கு 3 மீட்டர் போதும். தக்காளிக்கு 50 மீட்டர், கத்தரிக்கு 200, மிளகாய்க்கும் மக்காச்சோளத்துக்கும் 400, பூசணிக்கு 1,000 மீட்டர். ஏன் இவ்வளவு வேறுபாடு? நெல்லும் தக்காளியும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். சோளம் காற்றை நம்புகிறது, பூசணி தேனீயை நம்புகிறது. தேனீ கிலோமீட்டர் கணக்கில் பறக்கும்.

சரி, 400 மீட்டருக்குள் யார் என்ன நட்டிருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள வில்லமெட் பள்ளத்தாக்கு இதற்கு விடை கண்டது. உலகின் பல நாடுகளுக்குக் காய்கறி விதை அனுப்பும் பூமி அது. அங்குள்ள விதை உற்பத்தியாளர் சங்கம் ஒரு பெரிய வரைபடத்தை வைத்து, யார் எங்கே என்ன விதைப்பயிர் நடுகிறார்கள் என்பதை ஊசி குத்திக் குறித்து வந்தது. ஒருவர் முதலில் குறித்துவிட்டால், அதனோடு கலக்கக்கூடிய பயிரை அடுத்தவர் உரிய தூரம் தள்ளித்தான் நட வேண்டும். இன்று அந்தச் சுவர் வரைபடம் இணைய வரைபடமாகிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கிலும் முட்டைக்கோஸ், பீட்ரூட், பசலை விதைகளுக்கு இதே முறைதான்.

அங்கே இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி ஆகிய மூன்றும் தாவரவியலில் ஒரே இனம்! அருகருகே பூக்க விட்டால் கலந்துவிடும். நாம் சாப்பிடும் பீட்ரூட்டும் சர்க்கரை எடுக்கும் பீட்டும் அப்படியே.

ஆனால் வரைபடம் மட்டும் எல்லாச் சண்டையையும் தீர்த்துவிடாது. களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றப்பட்ட சர்க்கரை பீட்டின் விதை உற்பத்தி அதே வில்லமெட் பள்ளத்தாக்கில் தொடங்கியபோது, இயற்கை முறையில் பீட்ரூட் விதை எடுப்பவர்கள் அஞ்சினார்கள். 2008-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. சுற்றுச்சூழல் பாதிப்பை முழுமையாக ஆராயாமல் அரசு அனுமதி அளித்தது தவறு என்று 2009-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வு முடிந்து 2012-இல் அந்தப் பயிருக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. எத்தனை கிலோமீட்டர் போதும், தள்ளிப்போக வேண்டியவர் யார் என்பதை ஊசி முடிவு செய்யாது. மனிதர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பாலத்தைத் தாண்டி செபராங் பிறைக்குப் போனால் நெல் வயல்கள். அங்குள்ள விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி 'பாடி ஆங்கின்' எனப்படும் காற்று நெல். அதுவும் நெல் இனமே. ஆனால் மணி முற்றியதும் உதிர்ந்து களையாகிவிடும். நெல்லுக்குச் சேதமில்லாமல் இதை மட்டும் அழிக்க, ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் நெல் வகைகளை 2010-இல் மார்டி நிறுவனம் அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளிலேயே அந்த மருந்துக்கும் சாகாத காற்று நெல் வயல்களில் தென்பட்டது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தது ஒரு காரணம். நெல்லின் மகரந்தம் காற்று நெல்லுக்குத் தாவியது மற்றொரு காரணம். 3 மீட்டர் போதும் என்று சொன்னேனே, அந்த நெல்லில்கூட எப்போதாவது நடக்கும் ஒரு கலப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்!

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். பினாங்கில் உள்ள பள்ளித் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் இணைய வரைபடம் வேண்டும். அதை ஆசிரியர்கள் அல்ல, மாணவர்களாகிய நீங்களே தொடங்க வேண்டும்.

"கடையில் விதை கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பீர்கள். கடையில் கிடைப்பது கடைக்காரர் விற்க நினைப்பது மட்டுமே. நம் பாட்டிமார் தோட்டப்புறத்து லயன் வீட்டோரம் வைத்திருந்த பூசணியும் பாகலும் அவரையும் பாக்கெட்டில் வருவதில்லை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது பல குடும்பங்களில் அந்த விதை டப்பா காணாமல் போனது. இன்னும் யாராவது ஒரு பாட்டியிடம் ஒரு பிடி விதை இருந்தால், அதைக் கலப்பில்லாமல் பெருக்குவதுதான் அதைக் காப்பாற்றும் வழி. பாலிக் புலாவ் டுரியானை ஒட்டுக் கன்றாக வைத்துக் காப்பாற்றுகிறோம், ஏனென்றால் கொட்டையை நட்டால் தாய் மரத்தின் சுவை அப்படியே வராது. பூசணிக்கும் பாகலுக்கும் விதைதான் வழி.

"இந்தச் சின்னத் தீவில் ஒரு கிலோமீட்டர் இடைவெளிக்கு எங்கே போவது?" என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பூசணிக் கொடியைச் சுற்றி 1,000 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர். ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதி முழுவதும் சுமார் 2.6 சதுர கிலோமீட்டர்தான்! ஆக, ஒரே ஒரு கொடி அந்தப் பகுதியைவிடப் பெரிய இடத்தைக் கேட்கிறது. நகரத்தில் அது நடக்காது.

நடக்காது என்று முன்கூட்டியே தெரிவதுதான் வரைபடத்தின் முதல் பயன். தெரிந்துவிட்டால் வேறு வழி தேடலாம். சோளமா? பக்கத்துப் பள்ளியோடு பேசி, மூன்று நான்கு வாரம் தள்ளி விதையுங்கள். அவர்கள் பூக்கும் நேரத்தில் உங்கள் இழைகள் காய்ந்துவிட்டிருக்கும். பூசணியா? மறுநாள் மலரப்போகும் ஓர் ஆண் மொட்டையும், அடியில் பிஞ்சு உள்ள ஒரு பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, மறுபடியும் கட்டிவிடுங்கள். அந்தக் காய்க்கு மட்டும் ஓர் அடையாளம் கட்டுங்கள். தக்காளிக்கும் பயற்றங்காய்க்கும் இவ்வளவு கவலை வேண்டாம், சில மீட்டர் தள்ளி நட்டாலே பெரும்பாலும் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றில் தொடங்கலாம்.

வரைபடத்தில் என்ன குறிக்க வேண்டும்? பள்ளியின் இடம், பயிர், வகை, விதைத்த தேதி, பூக்கும் வாரம். இந்த ஐந்து போதும். கூகள் வரைபடத்திலேயே புள்ளி வைக்கலாம், தூரம் அளக்கலாம், பிறரோடு பகிரலாம். மாணவர்களின் பெயரோ வீட்டு முகவரியோ அதில் வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளைப் பொறுத்தவரை, நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பயிரை மட்டும் தோராயமான இடத்தில் குறியுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். மகரந்தம் வரைபடத்தைப் படிக்காது. குறிக்கப்படாத ஒரு செடி போதும், குறித்த நூறு புள்ளிகளும் பொய்யாகிவிடும். ஆகவே கைப்பேசியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வேலிக்கு அந்தப் பக்கம் போய், "நீங்கள் என்ன நட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பது. தமிழரோ மலாய்க்காரரோ சீனரோ, தோட்டம் போடுபவர் எவரும் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்.

இந்த ஆண்டு நாங்கள் விதைப்பதற்கு முன்பே மக்சிக் வீட்டுக்குப் போனோம். அவர் முதலில் போடுவது, நாங்கள் நான்கு வாரம் கழித்துப் போடுவது என்று முடிவாயிற்று. எங்கள் வரைபடத்தில் இப்போது இரண்டே இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. மூன்றாவது புள்ளி உங்கள் பள்ளியாக இருக்கட்டுமே!