ஒரு வெள்ளிக்கும் கணக்கு உண்டு

சம்பள நாள் மாலையில் லயத்து வாசலில் நன்கொடைப் பட்டியல் வந்து நிற்பதைக் காணாத தோட்டத் தொழிலாளி இல்லை. கோயில் திருவிழாவுக்கு ஒரு பட்டியல், தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பட்டியல், நோயில் விழுந்தவர் குடும்பத்துக்கு ஒரு பட்டியல். இல்லை என்று சொல்லிப் பழகாத கை நம்முடைய கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரரான தோழர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: கொடுங்கள், கொடுத்ததற்குக் கணக்கும் கேளுங்கள்.

பெரிய மனிதர் ஆயிரக் கணக்கில் கொடுத்தால் மேடையில் மாலை விழுகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால், 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி வரியில் கழிவும் கிடைக்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே காணாத பால்மரத் தொழிலாளி கொடுக்கும் பத்து வெள்ளிக்கு மாலையும் இல்லை, கழிவும் இல்லை. பெரிய நன்கொடையை நாம் இகழவில்லை. ஆனால் நம் சமூகத்தில் நிலைத்து நிற்பவை எவருடைய காசில் எழுந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1956-ஆம் ஆண்டில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கிற்று. அதன் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி என்பதே அவர் விடுத்த வேண்டுகோள். பல்கலைக் கழகத்தின் படியை மிதிக்க வாய்ப்பே இல்லாத தொழிலாளர்களும் அதில் தங்கள் வெள்ளியைப் போட்டார்கள்.

மற்றொன்று, நம் தோட்டங்களின் கதை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அந்த நிலையில் 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று நூறு வெள்ளி; மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தக் காசில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இது தருமம் அன்று, கூட்டுறவு. ஆனால் ஒரு பாடம் இதில் உண்டு. காசு கொடுத்தவன் அங்கத்தினன் ஆனான். அங்கத்தினன் ஆனதால் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமையும் பெற்றான்.

நன்கொடை கொடுப்பவனுக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இல்லாமற் போக வேண்டும்?

“கணக்குக் கேட்டால் சந்தேகப்படுகிறாய் என்பார்களே” என்று சிலர் தயங்குகிறார்கள். தோழர்களே, காலையில் நாம் வெட்டிய பாலை ஸ்டோரில் அளக்கிறார்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். புத்தகத்தில் எழுதுகிறார்கள். அதன் பிறகே நமக்குக் கூலி. அதற்காக நாம் ஒருநாளும் கோபித்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்ததில்லை. நம் பாலுக்கு உள்ள அளவை நம் காசுக்கும் இருக்கட்டும். நேர்மையாக நிதி திரட்டுபவருக்குக் கணக்குப் புத்தகம் கவசம். அதைக் கண்டு முகம் சுளிப்பவரிடம் காசை ஒப்படைப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கு உரிமம் வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் சொல்கிறது. ஆகவே ரசீது இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். பணத்தை எடுக்க இரண்டு கையெழுத்தாவது வேண்டும் என்று வற்புறுத்துங்கள். காரியம் முடிந்ததும் வரவு செலவைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தறியாதவருக்கும் அது எட்ட வேண்டும். கிராணிமார்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நிர்வாகத்தின் கணக்கைக் காசு பிசகாமல் எழுதும் பேனா, ஏழையின் ஒரு வெள்ளியையும் அதே அக்கறையோடு எழுதட்டும்.

இன்னும் ஒன்று. உரிமையாகக் கேட்க வேண்டியதைத் தருமமாகக் கேட்கக் கூடாது. பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே விதித்தது. இருந்தும் பல தோட்டங்களில் அது மாட்டுக் கொட்டகை போன்ற இடத்தில், பெயருக்கு நடந்தது. தீபாவளிக்குத் துரை கொடுத்த இனாமை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூரையைப் பற்றிக் கேட்காமல் இருந்த காலம் நமக்கு நல்ல பாடம். கூரை ஒழுகினால் பட்டியலைத் தூக்குவதற்கு முன், அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர் யார் என்று கேளுங்கள். கடமைப்பட்டவர் இருக்க, தொழிலாளியின் சட்டைப்பையில் கைவிடுவது தருமம் ஆகாது.

அப்படிக் கேட்ட பிறகும் நாமே செய்ய வேண்டியவை ஏராளம் இருக்கும். அவற்றுக்கு மனம் நிறைந்து கொடுப்போம். அடுத்த பட்டியல் வாசலுக்கு வரும்போது ஒரு கையால் வெள்ளியை நீட்டுங்கள். மறு கையை ரசீதுக்கு நீட்டுங்கள்.