ஏரியைத் தூர்த்தவர்களும் வீராணத்து நீரும்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு தெரு உண்டு; நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றொரு குடியிருப்பு உண்டு. இவ்விரண்டு இடங்களில் நின்று எத்திசை நோக்கினும் ஏரி தென்படாது. மயிலாப்பூர் ஏரி என்றும் லாங் டேங்க் என்றும் வழங்கிய நெடிய நீர்ப்பரப்பு, நுங்கம்பாக்கம் ஏரியோடு சேர்ந்து நகரின் மேற்கு எல்லைபோல் ஒருகாலத்தில் கிடந்தது. 1920களில் அதன் மாம்பலப் பகுதியை வடித்து தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

பெருகும் மக்களுக்குக் குடியிருக்க இடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஏரி மறைந்தாலும் நிலத்தின் சரிவு மறைவதில்லை. அங்கு பெய்யும் மழை மாம்பலம் கால்வாய் வழியே தியாகராய நகரைக் கடந்து அடையாற்றை அடைந்தாக வேண்டும். கால்வாய் அடைபட்டால் நீர் தன் பழைய தரையிலேயே தங்கிவிடும். 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்களில் நாட்கணக்கில் தேங்கி நின்றது அத்தகைய நீரே.

சொந்த ஏரிகளைத் தூர்த்த நகரம் எங்கிருந்து குடிக்கிறது? ஆந்திரத்தோடு 1983இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வருகிறது. 2004 முதல் வீராணத்து நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து வந்து சேர்கிறது. அத்திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்தது. குடகில் பெய்த மழை மேட்டூரையும் கொள்ளிடத்தையும் கடந்து மயிலாப்பூரின் சமையலறைவரை வருகிறது என்றால், நம் நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லைதான் எது?

'பொன்னியின் செல்வன்' வாசித்தவர்கள் வீரநாராயண ஏரியை அறிவார்கள். வந்தியத்தேவன் அதன் கரைமீது குதிரையில் வரும் காட்சியோடு கல்கி அந்நாவலைத் தொடங்குகிறார். அந்த ஏரிதான் இன்றைய வீராணம். ஆடிப்பெருக்கின் புதுவெள்ளத்தை ஏட்டில் கண்டு மகிழ்ந்த நாம், அதே நீரைக் குழாயில் பிடிக்கும்போது, அதை நம்பி நாற்றுவிடும் காட்டுமன்னார்கோயில் பக்கத்து உழவரை நினைப்பதில்லை. பிறர் வயலுக்குரியதில் பங்கு கேட்பவர், தம் வாசலில் பெய்வதைக் கடலுக்கு விடுவது எவ்வகை நியாயம்?

நமக்கு வாய்த்த நிலமும் வறியதன்று. மயிலை முதல் பெசன்ட் நகர், திருவான்மியூர்வரை நீளும் கடற்கரை மணல், மழையை உள்வாங்கி உப்புநீரைத் தடுத்து நிறுத்தவல்லது. மழைநீர் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் தொட்டியைத் தூர்வாராமல் விட்டால் சட்டம் என்ன செய்யும்? தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியே வெளியேற்றும் நிலம் அது.

மாம்பலம் ஏரியை இனி மீட்க இயலாது. பள்ளிக்கரணையில் எஞ்சியிருப்பதைக் காக்க இயலும். அதையும் மனையாக்கிவிட்டு, அடுத்த கோடையில் எந்த ஊர் ஏரியின் முன் குடத்தோடு போய் நிற்போம்?