61 நாளுக்கு மட்டும்தானா கடல் சட்டம்?



ஏப்ரல் 15 வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கரையைப் பிடித்துவிடுகின்றன. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதிகாரிகள் துறைமுகத்துக்கு வருகிறார்கள், கணக்கெடுக்கிறார்கள், மீறினால் நடவடிக்கை என்கிறார்கள். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் மண்டபத்தில் முதலமைச்சர் அறிவித்ததும் நல்ல காரியமே. ஆனால் மீதி 304 நாள் கடலைக் காப்பது யார்?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 5 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்காரர்களின் தொழில்பரப்பு. விசைப்படகு அங்கே வலை இறக்கக் கூடாது. இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி கூடாது. இழுவைமடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுருக்குமடிக்கு 2000ஆம் ஆண்டிலேயே மாநிலம் தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்தபோதும், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் என்று எல்லை கட்டியே அனுமதித்தது.

இந்த விதிகளில் எது ஆகஸ்ட் மாதத்தில் அமலில் இருக்கிறது என்று இராமநாதபுரம் கரையோர ஊர்களில் அதிகாரிகள் கேட்டுப் பார்க்கட்டும்.

பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அங்கே இழுவைமடி போனால் தரையையே உழுதுகொண்டு போகும். இறாலும் நண்டும் குஞ்சுகளாக ஒதுங்கி வளரும் கடற்புல் படுகைகள் அப்படித்தான் பெயர்ந்து போகின்றன. அந்தப் புல்லையே தின்று வாழும் ஆவுளியா எனும் கடற்பசுவுக்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததும் மாநில அரசுதான். வலையில் ஏறும் குஞ்சுமீன் சங்காயம் எனும் கழிவுமீனாகக் குவிந்து, தீவன ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. அடுத்த ஆண்டு ஏலத்துக்கு வரவேண்டிய மீன் அது. வாங்க ஆள் இருக்கும்வரை அதைப் பிடிக்கவும் ஆள் இருக்கும். ஆகவே சோதனை கடலில் மட்டும் நடந்தால் போதாது, கொள்முதல் நடக்கும் இடத்திலும் நடக்க வேண்டும்.

பக்கத்து மாநிலம் இதைச் செய்துகொண்டிருக்கிறது. கேரளம் 2015இல் 14 வகை மீன்களுக்கும், பிறகு மொத்தம் 58 வகைக்கும் குறைந்தபட்சப் பிடிப்பு அளவை நிர்ணயித்தது. மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குஞ்சுமீனோடு துறைமுகத்துக்குள் வரும் படகு பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டும்.

விசைப்படகில் கூலிக்குப் போகும் தொழிலாளி மீது பழி போடுவதல்ல இக்கடிதத்தின் நோக்கம். எல்லை தாண்டிப் பிடிபட்டுச் சிறையில் கிடப்பவர் அவர். மறுகரையான இலங்கையில், போரில் எல்லாம் இழந்து மீண்டும் வலையெடுத்த வடமாகாணத் தமிழ் மீனவர்களின் வலையை அறுப்பதும் இதே இழுவைமடிதான். இலங்கை 2017இலேயே அதற்குச் சட்டத்தில் தடை போட்டுவிட்டது. அதே 2017இல் இங்கே ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் தொடங்கியது: 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதில் 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சூரைப் படகுகள், மூன்றே ஆண்டில். 70 விழுக்காடு மானியம் என்றாலும் மீனவர் கையிலிருந்து 8 லட்சம், வங்கிக் கடனாக 16 லட்சம். அன்றாடம் கடனில் ஓடும் குடும்பத்துக்கு இது எட்டுகிற தொகையா? இலக்கில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் திட்டம் தேங்கிப்போனதில் வியப்பில்லை.

மீன்வளத் துறை ஒவ்வொரு துறைமுகத்திலும் கண்ணி அளவையும் சங்காயத்தின் எடையையும் மாதந்தோறும் சோதித்து, முடிவை ஏலக்கூடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். சோதனைக் குழுவில் நாட்டுப்படகுச் சங்கத்தினருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும். ஆழ்கடல் திட்டத்தில் மீனவர் பங்கைக் குறைத்து, பழைய படகை ஒப்படைப்பவருக்கு அதன் விலையை உடனே தர வேண்டும். அடுத்த தடைக்காலம் தொடங்கும் முன் இதற்கான அரசாணை வர வேண்டும்.

இப்படிக்கு,
கடலோர வாசகர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்