கேட்கவும் கூச்சம், சொல்லவும் கூச்சம்!

முதுகு வலி இல்லாத ஆள் இந்த ஊரில் உண்டா?

கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு வலி. நாள் பூரா நாற்காலியில் உட்காரும் குமாஸ்தாவுக்கும் வலி. குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவரைக் கேட்கவே வேண்டாம்!

முதலில் தைலம். அப்புறம் மெடிக்கல் ஷாப் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் தெருமுனை பிசியோதெரபி சென்டர். 'கரண்ட்' வைக்கிறார்கள், பயிற்சி சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி குறைந்தும் விடுகிறது.

ஆனால், அபூர்வமாக ஒருத்தருக்கு அது வெறும் முதுகு வலி அல்ல. உயிர் போகாது. கால் போகும், மானம் போகும்!

குதிரை வால்

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்து விடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரை வால் மாதிரி இருக்கும். டாக்டர்கள் சொல்லும் 'காடா ஈக்வினா' என்ற லத்தீன் பெயருக்கும் அதுதான் அர்த்தம்.

காலை ஆட்டுவது, சிறுநீரை அடக்குவது, மலத்தை அடக்குவது எல்லாம் இந்தக் கொத்தின் வேலை. ஜவ்வு பெரிதாகப் பிதுங்கி அதை நசுக்கினால் வந்தது வினை. கட்டியோ, காச நோய்ச் சீழோ, விபத்தில் நொறுங்கிய எலும்போ அழுத்தினாலும் இதே கதிதான்.

ஐந்து கேள்விகள்

இதைக் கண்டுபிடிக்க முதலில் மிஷின் தேவையில்லை. வாய்விட்டுக் கேட்டால் போதும்.

வலியோ மரமரப்போ ரெண்டு காலிலும் இறங்குகிறதா? நடக்கும்போது கால் தடுக்குகிறதா, செருப்பு கழன்று விழுகிறதா? சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப் போச்சா? ஒண்ணுக்குப் போக முக்க வேண்டியிருக்கிறதா, போவதே தெரியவில்லையா? மலம் அடக்க முடியவில்லையா, தாம்பத்தியத்தில் உணர்ச்சி குறைந்து விட்டதா?

புதிதாக இதில் ஒன்று வந்தாலும் உஷாராக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கேட்க பிசியோதெரபிஸ்டுக்குக் கூச்சம். சொல்ல நோயாளிக்கு வெட்கம். "இடுப்பு வலிக்கு வந்தவன்கிட்ட இதை ஏன் கேக்கறாரு?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நரம்பு கெட்டவருக்கு மூத்திரப் பை நிரம்பினாலும் வலி தெரியாது. சொட்டுச் சொட்டாக வழியும். "சர்க்கரை வியாதி, வயசாச்சு" என்று வீட்டிலேயே முடிவு கட்டி விடுகிறார்கள்!

டாக்டர் பார்ப்பது சில நிமிஷம். பிசியோதெரபிஸ்டோ பத்து நாள் தொடர்ந்து, தினம் அரை மணி நேரம் பார்க்கிறார். முதல் நாள் நன்றாக நடந்தவர் ஐந்தாம் நாள் பாதத்தை இழுத்தால், அது அவர் கண்ணில்தான் முதலில் படும். ஆகவே முதல் நாள் கேட்டு விட்டோம் என்று இருக்கக் கூடாது. தினமும் கேட்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் அன்றைய 'கரண்ட்' வேண்டாம், இழுவையும் வேண்டாம். நேரத்தைக் குறித்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகெலும்பு ஆபரேஷன் வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டும். சிறுநீர் கொஞ்சமாவது கட்டுப்பாட்டில் இருக்கும்போதே ஆபரேஷன் நடந்தால் பிழைத்தார். முழுக்க அடைத்த பிறகு செய்தால், பலருக்குப் பழைய நிலை திரும்புவதில்லை.

ராத்திரியானால் என்ன?

பிரிட்டனில் அரசு சுகாதாரத் துறை 2023-ல் இதற்கென்றே ஒரு நடைமுறை வகுத்தது. பகலோ இரவோ, கேட்ட 4 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறது அது. ஆபத்து அறிகுறிகளை அச்சிட்ட சிறு அட்டையும் அங்கே நோயாளிகளுக்குத் தரப்படுகிறது.

இங்கே 2021-ல் வந்த மத்திய சட்டம் பிசியோதெரபிஸ்டுகளையும் சுகாதார வல்லுநர்கள் பட்டியலில் சேர்த்தது. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்று 2025-ல் பெரிய சர்ச்சையே நடந்தது. பட்டம் இருக்கட்டும். நோயாளிக்கு வேண்டியது அந்த ஐந்து கேள்விகள்!

ஒவ்வொரு பிசியோதெரபி சென்டரிலும் இந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதி மாட்டினால் என்ன செலவு? வாயால் சொல்லக் கூசும் பெண்களிடம் அட்டையாகக் கொடுத்து 'டிக்' செய்யச் சொல்லலாமே! பிசியோதெரபிஸ்ட் எழுதிய அவசரச் சீட்டோடு வருகிறவரை, "திங்கட்கிழமை ஓ.பி.க்கு வா" என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது. சுகாதாரத் துறை இதற்கு ஒரு உத்தரவு போட வேண்டும்.

முதுகு வலிக்காரர்கள் எல்லோரும் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்தில் ஒன்று வந்து விட்டால், விடியட்டும் என்று படுக்கவும் கூடாது.

ஒரு நிமிஷக் கூச்சமா, ஆயுள் பூரா மூத்திரக் குழாயா? எது மேல்?