ஷட்டரை இறக்காமல் வெள்ளையடிப்பு!

போனில் அப்டேட் வந்தால் என்ன செய்வோம்? ராத்திரி சார்ஜில் போட்டு, 'இன்ஸ்டால்' தட்டிவிட்டுத் தூங்கப் போவோம். அரை மணி நேரம் போன் செத்துக் கிடந்தாலும் குடி முழுகிவிடாது. ஆனால், 24 மணி நேரமும் ஆட்கள் புழங்கும் ஓர் ஆப்பின் டேட்டாபேஸை அப்படி நிறுத்த முடியுமா? அதற்குத்தான் 'ரோலிங் அப்கிரேட்'.

'கசாண்ட்ரா' என்றொரு டேட்டாபேஸ். இன்பாக்ஸில் மெசேஜ் தேடுவதற்காக ஃபேஸ்புக்கில் அவினாஷ் லக்ஷ்மன், பிரசாந்த் மாலிக் இருவரும் உருவாக்கியது. 2008-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். (கிரேக்கக் கதையில் கசாண்ட்ரா, நடக்கப்போவதைச் சரியாகச் சொல்லியும் யாருமே நம்பாத பெண். அப்கிரேடுக்கு முன் எச்சரிக்கும் இன்ஜினீயர்களின் நிலைமையும் பல ஆபீஸ்களில் இதுதான்!)

இதில் தலைமை சர்வர் கிடையாது. ஒரே தகவலுக்கு வழக்கமாக மூன்று சர்வர்களில் மூன்று பிரதி. இரண்டு பதில் சொன்னால் போதும், வேலை நடந்துவிடும். அந்த தைரியத்தில்தான் ஒன்றை நிறுத்தி, புது வெர்ஷன் ஏற்றி, ஓடவிட்டு, அடுத்ததற்குப் போகிறார்கள். தூங்கும் சர்வருக்கு வந்த தகவலை மற்றவை வாங்கி வைத்திருந்து, எழுந்ததும் கொடுக்கும். பூட்டிய வீட்டுக்கு வந்த கொரியரைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைப்பதுபோல. செட்டிங்கை மாற்றாவிட்டால், இந்த உபகாரம் 3 மணி நேரத்துக்குத்தான்.

சிக்கல் எங்கே? பாதி சர்வர் புதுசு, பாதி பழசு என நிற்கும் நாட்களில். அப்போது புது டேபிளோ, புது சர்வரோ சேர்க்கக்கூடாது. பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் 'ரிப்பேர்' வேலையையும் ஓட்டக்கூடாது.

ரிப்பேர் இல்லாவிட்டால் என்ன? கசாண்ட்ராவில் ஒரு தகவலை அழித்தால் அது உடனே போகாது. 'இது இறந்துவிட்டது' என்று ஒரு கல்லறைக்கல் நடப்படும். வழக்கமாக அதற்கு 10 நாள் கெடு. அதற்குள் ஒரு சர்வருக்குத் துக்கச் செய்தி போய்ச் சேராவிட்டால், கல் எடுபட்டதும் அங்கிருக்கும் பழைய பிரதி மற்ற சர்வர்களுக்கும் பரவும். நீங்கள் அழித்த மெசேஜ் உயிரோடு வந்து நிற்கும். இன்ஜினீயர்கள் வைத்திருக்கும் பெயர், 'ஸோம்பி'!

இனி கணக்குப் போடுங்கள். 60 சர்வர், ஒன்றுக்கு 40 நிமிடம். மொத்தம் 40 மணி நேரம். கூட்டம் குறைந்த பின்னிரவில் 4 மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், 10 ராத்திரி. கல்லறைக்கல்லின் கெடுவும் 10 நாள்! அதனால்தான் ஆரம்பிக்கும் முன்பே ஒரு முழு ரிப்பேரை முடித்து, கெடுவையும் நீட்டி வைக்கிறார்கள். மூன்று பிரதிகளும் மூன்று வெவ்வேறு ரேக்குகளில் இருந்தால் இன்னும் வசதி. ஒரே ரேக்கில் நாலைந்து சர்வர்களைச் சேர்த்தே நிறுத்தலாம்.

திரும்பி வரும் வழிதான் பலரும் மறப்பது. புது வெர்ஷன் எழுதும் ஃபைலைப் பழைய வெர்ஷன் படிக்காது. முன்கூட்டியே ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தாலும், அதற்குப் பிறகு வந்த தகவல் அதில் இருக்காது. 2024-ல் வந்த 5.0 வெர்ஷன் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. செட்டிங்கை நாமாக மாற்றும்வரை, பழைய நான்காம் வெர்ஷனுக்குப் புரியும் விதத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். அதை மாற்றுவது யார், எந்தத் தேதியில் என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடுவது நல்லது.