பாட்டியும் ‘பாட்டி’யும்

சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குப் பழக்கக் கடையில் ஒரு குட்டி இருக்கை விற்கிறார்களே, அதற்கு ஆங்கிலத்தில் ‘பாட்டி’ என்று பெயர். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நம் வீடுகளில் அந்த வேலையைப் பார்த்தவரே பாட்டிதானே!

புக்கிட் ரோத்தான், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களில் அம்மாக்கள் விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளை பாட்டியிடமோ ஆயாக் கொட்டகையிலோ இருக்கும். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் பாட்டி இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்பார். தினமும் அதே நேரம், அதே சத்தம். பிள்ளை தானாகப் பழகிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களும் பிறந்த சில வாரங்களிலேயே இப்படிப் பழக்குகிறார்கள் என்று 1977-இல் ஓர் ஆய்வு சொன்னது.

1961-இல் பெம்பர்ஸ் வந்தது. மறு ஆண்டு, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன், 1,170 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், “பிள்ளை தயாராகும்வரை காத்திருங்கள்” என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டு மணி நேரம் ஈரமாகாமல் இருப்பது, மூலையில் ஒளிந்துகொண்டு முக்குவது, காற்சட்டையைத் தானே இறக்கப் பார்ப்பது எல்லாம் அதற்கான அறிகுறிகள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் தெரியும்.

எந்த வழி சரி? இரண்டுமே பலன் தரும். ஆனால் இன்று நம் பிள்ளைகளுக்கு மூன்று வீடு. அப்பாவும் அம்மாவும் ரவாங், ஷா ஆலாம் பக்கம் வேலைக்குப் போக, பகலில் தாஸ்கா, வாரக் கடைசியில் தோட்டத்துப் பாட்டி வீடு, இரவில் நம் வீடு. தாஸ்காவில் நேரம் வைத்து அழைத்துப் போவார்கள். பாட்டி பெம்பர்ஸைக் கழற்றிவிட்டுக் குந்த வைப்பார். நம் வீட்டில், களைப்பில், “இன்றைக்கு மட்டும்” என்று மறுபடியும் பெம்பர்ஸ். இரண்டரை வயதுப் பிள்ளை எந்தச் சட்டத்தைக் கேட்கும்?

குழம்பிய பிள்ளை அடக்கிக்கொள்ளும். திட்டு வாங்கிய பிள்ளை இன்னும் அடக்கும். அடக்கினால் மலம் இறுகும், வலிக்கும். வலிக்குப் பயந்து மறுபடியும் அடக்கும். நாளடைவில், இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணியாகக் கசிந்து காற்சட்டையில் படும். “சோம்பேறி, வேண்டுமென்றே செய்கிறான்” என்று அடிப்பது இந்த இடத்தில்தான். அது சோம்பல் இல்லை; அந்தக் கசிவு பிள்ளைக்கே தெரியாது. கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள்.

ஆகவே மூன்று வீட்டாரும் நான்கு விஷயங்களில் ஒத்துப்போனால் போதும். ஒன்று, ஒரே சொல்: ‘ஒண்ணுக்கு’ என்றால் எல்லா இடத்திலும் ‘ஒண்ணுக்கு’தான். இரண்டு, ஒரே நேரம்: எழுந்ததும், சாப்பிட்ட பிறகும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். பாட்டி சரியாகப் பிடித்த நேரம் அது. மூன்று, விழித்திருக்கும் நேரத்தில் எங்கேயும் பெம்பர்ஸ் வேண்டாம். நான்கு, ஈரமாகிவிட்டால் திட்டும் இல்லை, கேலியும் இல்லை, துடைத்துவிட்டு மாற்றிவிடுங்கள். உட்காரும் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி வையுங்கள். கால் தொங்கினால் முக்க முடியாது.

தாஸ்கா விதிப்படி, ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை 5 பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர். அவரால் ஒவ்வொரு பிள்ளையின் பழக்கத்தையும் ஊகிக்க முடியாது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் பையில் போட்டுவிடுங்கள். பாட்டிக்குப் போனில் சொல்லுங்கள். அவரிடம் கேட்கவும் செய்யுங்கள். நம்மைவிட அதிகப் பிள்ளைகளைப் பழக்கியவர் அவர்.

நான்கு வயதில் பாலர்பள்ளி என்ற அவசரம் புரிகிறது. ஆனாலும் இரவில் படுக்கை நனைவதை இதோடு சேர்க்காதீர்கள். ஐந்து வயதுவரை அது நோயே இல்லை.